எத்தனை அடுப்பு

அவருக்குப் பேர் இருந்திருக்கும். நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. ஊரில் அவர் செலவு சார்.

காரைக்குடியிலிருந்து கீழச்சிவல்பட்டி வரைக்கும் பஸ்ஸில் வருவார். அங்கே வாடகைக்கு சைக்கிள் எடுத்து எங்கள் ஊருக்கு மிதித்து வருவார். ஒல்லியான ஆள். முழுக்கைச் சட்டை. சைக்கிளில் முன்னால் ஒரு துணிப்பை தொங்கும், பின்னால் ஒரு குடை. வெயிலுக்குக் குடை விரிக்க மாட்டார். மழை வந்தால் விரித்துப் பைக்குப் பிடிப்பார். அவர் நனைவார்.

கவர்மெண்டு ஆள். சனங்கள் என்ன சம்பாதிக்கிறார்கள், என்ன செலவழிக்கிறார்கள் என்று தேசம் முழுக்கக் கேட்டு எழுதுகிறார்களாம். எல்லா வீட்டிலும் கேட்பதில்லை. வரிசையாக எண்ணிக்கொண்டே வந்து, எந்த வீட்டில் எண் விழுகிறதோ அந்த வீட்டில். எங்கள் ஊரில் சில வீடுகள் விழுந்தன. எங்கள் வீடும் விழுந்தது. பக்கத்து வீட்டு ஆசாரி அண்ணன் வீடும் விழுந்தது.

நான் மூன்றாவது வரை படித்தவள். எழுதிப் பழக்கமில்லை. ஆனால் அந்த ஆளைப் பற்றி எழுதாமல் விட முடியவில்லை. அவ்வளவு படுத்தியிருக்கிறார்.

எங்கள் பக்கம் ஒருவர் பேசாமல் இருந்தால் அதுவே ஒரு பதில். உண்டு, இல்லை, சொல்ல மாட்டேன், எழுந்து போ. எதுவென்று முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். அவருக்கு முகம் பார்க்க வராது. கேள்வியைக் கேட்டுவிட்டுப் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். கோழி வந்து பையைக் கொத்தினாலும் அசைய மாட்டார்.

"இல்லைன்னா இல்லைன்னு சொல்லுங்கம்மா. சும்மா இருந்தா நான் எழுத முடியாது" என்பார். இதை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். இப்போதும் யாராவது ஒன்றைத் திருப்பித் திருப்பிக் கேட்டால் அவர் நினைப்புத்தான் வரும். எரிச்சலும் கூடவே வரும்.

முதல் நாள் வந்தவர் நேரே போய் உரல்மேல் உட்கார்ந்தார்.

"சார், உரல்மேல உக்காரக் கூடாது" என்றேன்.

"மன்னிச்சிருங்க" என்று எழுந்தார். தரையில் உட்கார்ந்தார். "இதை எப்போ வாங்கினீங்க? போன முப்பது நாள்லயா, அதுக்கு முந்தியா?"

எல்லாவற்றுக்கும் அவருக்கு முப்பது நாள் கணக்கு. போன முப்பது நாளில் புளி எவ்வளவு. மிளகாய் எவ்வளவு. விளக்குக்கு எண்ணெய் எவ்வளவு. எனக்கு முப்பது நாள் என்று ஒன்று தெரியாது. சந்தைக்குச் சந்தை தெரியும். அமாவாசை தெரியும். கடையில் அப்போது கிலோ வந்துவிட்டது. வீட்டில் இன்னும் உழக்கும் படியும்தான். உழக்கில் சொன்னேன். அவர் என் உழக்கை வாங்கிக்கொண்டு கடைக்குப் போய், அதில் அரிசியை அளந்து எடை போட்டுவிட்டு வந்தார்.

"உங்க உழக்கு கொஞ்சம் பெருசும்மா" என்றார்.

"அது எங்க அம்மா வீட்டுச் சீரு."

"சீருக்கு எவ்ளோ இருக்கும்?"

வாசலில் முருங்கைமரம் நிற்கிறது. முருங்கைக்காய்க்கு என்ன செலவு என்றார்.

"செலவு இல்ல. மரத்துல பறிச்சது."

"சந்தையில வாங்கினா என்ன விலை?"

"வாங்கலையே."

"வாங்கினா?"

"வாங்குறதுன்னா நான் எதுக்கு மரம் வளக்கணும்?"

"சும்மா கிடைச்சாலும் சாப்பிட்டது சாப்பிட்டதுதாம்மா. அதுக்கு ஒரு விலை போட்டுத்தான் ஆகணும்."

கண்மாய்க்கரையில் பொறுக்கிய கருவேலங்குச்சிக்கு விலை போட்டார். நான் தட்டிய வறட்டிக்கு விலை போட்டார். ஆட்டுப்பாலுக்குப் போட்டார். சாயங்காலம் பார்த்தால் காசில்லாமல் நடந்த எங்கள் வீட்டுக்கு அவர் காகிதத்தில் ஏகப்பட்ட செலவு.

வெயிலில் வந்தவர் என்று ஒரு டம்ளர் மோர் கொடுத்தேன். வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். குடித்துவிட்டு எழுதினார்.

"என்ன சார் எழுதுறீக?"

"மோர். விருந்தாளிக்குக் கொடுத்ததும் உங்க வீட்டுச் செலவுதாம்மா."

அதற்குப் பிறகு அவருக்குத் தண்ணீர்தான் கொடுத்தேன்.

ஆசாரி அண்ணன் அவரை நன்றாகப் படுத்தினார். அதைச் சொல்ல வேண்டும். அண்ணன் கலப்பை செய்வார், கதவு நிலை செய்வார். வாய் கொஞ்சம் நீளம்.

"வருமானம் எவ்ளோ?" என்று கேட்டார் செலவு சார்.

"வேலை இருந்தா வரும்."

"இல்லாட்டி?"

"வராது."

"போன முப்பது நாள்ல?"

"ஒரு கதவு. ரெண்டு கலப்பை."

"கலப்பைக்கு என்ன கொடுத்தாங்க?"

"நெல்லு தாரேன்னான்."

"எப்போ?"

"அறுப்புல."

"எவ்ளோ நெல்லு?"

"விளைஞ்சதுக்குத் தக்கன. சார், நீங்க ஒண்ணு செய்யுங்க. மேல பாத்து வானத்துக்கிட்டக் கேளுங்க. அதுதான் எல்லாத்துக்கும் பாக்கி வச்சிருக்கு."

செலவு சார் சிரிக்கவில்லை. வானத்தையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பேனா அப்படியே நின்றது. கடைசியில் அண்ணன்தான் இறங்கி வந்து ஒரு அளவு சொன்னார். எழுதி முடிந்ததும் அண்ணன் கேட்டார்.

"சார், உங்க வீட்ல மாசத்துக்குப் புளி எவ்வளவு?"

அவர் யோசித்தார். ரொம்ப நேரம் யோசித்தார். வேலூர்ப் பக்கம் அவர் ஊர். பெண்டாட்டி பிள்ளைகள் அங்கே.

"தெரியாதுங்க. மாசாமாசம் மணியார்டர் அனுப்பறேன்."

"அப்ப உங்க வீட்டை யாரு எழுதுறா?"

"எங்க வீடு விழலைங்க" என்றார்.

இன்னொரு வீட்டில் அவர் அடி வாங்கியிருப்பார். தெற்குத் தெருவில் ஒரு சம்சாரி, நடுவயது, வயிற்று வலியில் செத்துப்போனார். அந்த வீடும் விழுந்த வீடு. காரியத்தன்று செலவு சார் வந்தார். ஆண்களோடு போய் உட்கார்ந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. நல்ல மனுசன் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். கூட்டம் கலைந்தது. பையை அவிழ்த்தார்.

"வைத்தியத்துக்கு எவ்ளோ ஆச்சும்மா?" என்று செத்தவர் பெண்டாட்டியிடம் கேட்டார்.

அவள் அண்ணன் கை ஓங்கிக்கொண்டு வந்தான். அவளே தடுத்தாள்.

"கேக்கட்டும்ணே. இத்தன சனம் வந்துச்சு. ஒருத்தரும் இதக் கேக்கல."

மதுரை ஆஸ்பத்திரிக்குப் போன பஸ் காசிலிருந்து ஆரம்பித்தாள். ஊசி, மாத்திரை, வைத்தியருக்குக் கொடுத்தது, கோயிலில் முடிந்துபோட்டது. கடைசி நாளில் அவர் ஆசைப்பட்டுக் கேட்ட சாத்துக்குடி வரைக்கும் சொன்னாள். சொல்லச் சொல்ல அழுதாள். செலவு சார் தலை நிமிராமல் எழுதினார். நடுவில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"சாத்துக்குடி எத்தனை?"

அவள் அழுகையை நிறுத்தி எண்ணிச் சொன்னாள். அன்று ராத்திரிதான் அவள் தூங்கினாள் என்று அவள் அண்ணனே பிறகு சொன்னான். அந்த ஆளிடம் இப்படியும் ஒன்று இருந்தது. இல்லையென்று சொல்ல மாட்டேன்.

இனி எங்கள் வீட்டுக் கதை. அதற்கு முன்னால் ஆச்சி வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். வினை அங்கேயிருந்துதான் வந்தது.

கீழச்சிவல்பட்டியில் ஒரு செட்டியார் வீடும் விழுந்திருந்தது. தெருவிலிருந்து தெரு வரைக்கும் போகிற வீடு. அங்கே ஆசாரி அண்ணன் ஒரு கதவுக்குக் கீல் மாட்டிக்கொண்டிருந்தார். அவர் பார்த்து வந்து சொன்னதுதான் இது.

செலவு சார் போய், "ஆச்சி, உங்க குடும்பத்துல எத்தனை பேர்?" என்றிருக்கிறார்.

"எந்தக் குடும்பத்தக் கேக்குறீக?" என்றிருக்கிறார் ஆச்சி. "வாசல் ஒண்ணு. உள்ள அடுப்பு நாலு. கல்யாணம் ஆச்சுன்னா கொஞ்ச நாள்ல வேறு வச்சுருவோம். அரிசி, பருப்பு, பாத்திரம் எல்லாம் குடுத்துருவோம். அவுகவுக சமையல் அவுகவுகளுக்கு. நல்லது கெட்டதுக்கு ஒண்ணா நிப்போம். மனசு கோணாது."

செலவு சாருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லையாம். "எங்க சட்டமும் இதேதான் ஆச்சி. ஒரு அடுப்புல சாப்பிடறவங்க ஒரு குடும்பம்."

"அப்ப எங்களப் பாத்துத்தான் சட்டம் போட்டிருக்காக" என்றிருக்கிறார் ஆச்சி.

அவர்கள் வீட்டில் அது வழக்கம். வெட்கமில்லை. எங்கள் சனத்தில் அப்படி இல்லை. அப்பன் உயிரோடு இருக்கும்போது அடுப்பு இரண்டானால், அப்பனைத் தூக்கி வெளியே போட்டதாக அர்த்தம். ஊர் அப்படித்தான் பேசும்.

எங்கள் வீட்டில் எட்டுப் பேர். மாமனார், அவரை நான் மாமா என்பேன். நானும் எங்க வீட்டுக்காரரும், எங்கள் பிள்ளைகள் இரண்டு. கொழுந்தன், அவன் பெண்டாட்டி, கைப்பிள்ளை ஒன்று. கொழுந்தன் பெண்டாட்டியை வீட்டில் இளையவள் என்போம். காரைக்குடிக்காரி.

மாமாவுக்கு ஊரில் மரியாதை. அண்ணன் தம்பிக்குள் சண்டை வந்தால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். பிரிய வேண்டாம் என்று பேசிச் சேர்த்துவைத்துவிட்டு வருவார். 'அவுக வீட்டப் பாருங்கடா' என்று மற்றவர்கள் சொல்வார்கள்.

கொழுந்தன் காரைக்குடியில் மில்லுக்குப் போய் வந்தான். மாமியார் இறந்ததும் மாமா அவனிடம், "சம்பளத்த அண்ணி கையில குடுத்துரு. இனி அவதான் இந்த வீட்டுக்கு" என்றார். நெல்லும் பெட்டியும் இருக்கிற உள்ளறைச் சாவியை என்னிடம் கொடுத்தார். கொழுந்தன் கல்யாணம் ஆன பிறகும் கொடுத்தான். பிள்ளை பிறந்ததும் குறைத்தான். பிறகு நின்றுவிட்டது. நான் கேட்கவில்லை. எங்க வீட்டுக்காரரும் கேட்கவில்லை. "தம்பிகிட்டப் போயி எப்படிக் கேக்குறது? அப்பாவுக்குத் தெரிஞ்சா உசுர விட்டுருவாரு. பேசாம இரு" என்றார். இருந்தேன்.

அடுப்பும் அப்படித்தான். இளையவள் பிள்ளைக்குப் பால் காய்ச்ச என்று பின்னறையில் ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ் வைத்தாள். பால் காய்ச்சினாள். பிறகு பிள்ளைக்குக் கஞ்சி. பிறகு புருசன் மில்லுக்குப் போகிறானே என்று சோறு. பிறகு குழம்பு. என் அடுப்பில் அந்த வருசம் காலையில் கேப்பைக் கூழ். கண்மாய் நிறையவில்லை. அவளை நான் குற்றம் சொல்லவில்லை. பிள்ளைக்காரி. கூழ் அவளுக்கு இறங்கவில்லை.

மாமா வாசல் வேப்பமரத்தடிக் கட்டிலில் கிடப்பார். முழங்கால் வலி. பின்பக்கம் வர மாட்டார். காலையும் மத்தியானமும் நான் கொண்டுபோய்க் கொடுப்பேன். ராத்திரி இளையவள் ஒரு தட்டு கொண்டுபோவாள். "இளையவ கையில தனி ருசித்தா" என்பார். எல்லாம் ஒரே உலை என்று அவருக்கு நினைப்பு.

செலவு சார் வந்ததும் மாமாதான் பதில் சொன்னார்.

"எழுதிக்கங்க தம்பி. எட்டுப் பேரு. ஒரே உலை. சின்னவன் சம்பளம் அப்படியே மூத்த மருமக கையில. எங்க வீட்ல ஒரே பெட்டி."

அவர் எழுதினார். பிறகு என்னிடம் செலவு கேட்டார். அரிசி, பருப்பு, புளி, உப்பு. ஆகிறதைச் சொன்னேன். உழக்கு, முருங்கைக்காய் எல்லாம் அன்று நடந்ததுதான். போனார். தொலைந்தது என்று இருந்தேன்.

கொஞ்ச நாளில் திரும்பி வந்தார்.

மாமா கட்டிலில் இருந்தார். நான் படியில் நின்று அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன்.

"ஐயா, ஒரு சந்தேகம்" என்றார். "நீங்க சொன்ன வரவையும் அம்மா சொன்ன செலவையும் கூட்டிப் பாத்தேன். நடுவுல பெரிய பள்ளமா இருக்கு."

"என்ன பள்ளம்?"

"சம்பளம் வருது. வந்தது செலவாகலை. எட்டுப் பேருக்கு இந்த அரிசியும் பத்தாது. பணத்தைச் சேத்து வச்சிருந்தா அதையும் எழுதணும். தபாலாபீஸ்ல போட்டிருக்கீங்களா? நகை ஏதாவது வாங்கினீங்களா?"

மாமா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"என்னத்தா?"

நான் புடைப்பதை நிறுத்தவில்லை. பேசவும் இல்லை.

"இல்லைன்னா இல்லைன்னு சொல்லுங்கம்மா" என்றார் செலவு சார்.

முறத்தை அவர் தலையில் கவிழ்த்தால் என்ன என்று இருந்தது.

அன்று சாயங்காலம் மாமா என்னைக் கூப்பிட்டார்.

"சாவிய இங்க வையித்தா."

வைத்தேன்.

"பொம்பள சிறுவாடு பிடிக்கிறது எங்கயும் உள்ளதுதான். வீடு காயுறப்பப் பிடிக்கக் கூடாது."

எங்க வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். இளையவள் கிணற்றடியில் பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். காதில் விழுந்திருக்கும். பிள்ளைக்கு ஒரு வாளி தண்ணீர் கூடுதலாக ஊற்றினாள்.

மறுநாளிலிருந்து மாமா தானே முழங்காலைப் பிடித்துக்கொண்டு உள்ளறைக்கு வந்து அரிசி அளந்து போட்டார். எட்டுப் பேருக்கு அளந்தார். நான் ஐந்து பேருக்குத்தானே பொங்குகிறேன். மிச்சத்தை ஒரு சட்டியில் மூடி வைத்தேன். அடுத்த நாள் அதைக் காட்டி, இன்றைக்கு அளக்க வேண்டாம் என்றேன்.

"எட்டுப் பேரு சாப்பிட்டு எப்படித்தா மிஞ்சும்?" என்றார். சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "இப்படித்தான் சேந்துச்சாக்கும்."

மிச்சம் பிடித்ததும் திருட்டாகிவிட்டது. பொங்கித் தெருவில் கொட்டவும் மனசில்லை. தெருவில் பேச்சு வந்தது. தண்ணீர் பிடிக்கப் பம்படிக்கு நான் போனால் பேச்சு நின்றது. கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்த வீட்டில் ஒரு உப்புக்கல்லை ஒளித்தது கிடையாது.

செலவு சார் சைக்கிள் ஆசாரி அண்ணன் வீட்டு முன்னால் நிற்பதைப் பார்த்தேன். நேரே போனேன்.

"சார், எங்க வீட்ல எழுதுனத அடிச்சிருங்க."

"அடிக்கக் கூடாதும்மா. தப்பா இருந்தா சரியானதைச் சொல்லுங்க. திருத்திக் கையெழுத்துப் போடறேன்."

"சரியானதச் சொல்ல முடியாது."

"அப்போ எழுதினது சரியா?"

"அதுவும் சரியில்ல."

அவர் பேனாவை மூடினார். மறுபடி திறந்தார். "ரெண்டுல ஒண்ணு சொல்லுங்கம்மா. நடுவுல எழுத இடமில்லை."

"உங்களால எஞ் சாவி போச்சு. தெரியுமா?"

"எந்தச் சாவி? புதுசா வாங்கினீங்களா?"

ஆசாரி அண்ணன் உளியைக் கீழே வைத்தார்.

"சார், நீங்க மரமா மனுசனா? மரம்னாச் சொல்லுங்க, இழைச்சுப் பாக்குறேன்." என் பக்கம் பார்க்காமல் தொடர்ந்தார். "ஆச்சி வீட்ல அடுப்ப எண்ணுனீகள்ல? எங்க தெருவுல எண்ணுனீகளா?"

செலவு சார் அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முகம் பார்க்கத் தெரியாதவர் அன்றைக்கென்று பார்த்துவிட்டார். பையைத் தூக்கினார். நான் கூப்பிடுவதற்குள் எங்கள் வீட்டுப் படலுக்குள் போய்விட்டார்.

நான் பின்னால் ஓடினேன். அதற்குள் அவர் மாமாவின் கட்டிலுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து காகிதத்தை விரித்துவிட்டார்.

"ஐயா, நான் ஒண்ணைச் சரியாக் கேக்காம விட்டுட்டேன். இந்த வீட்டுல எத்தனை அடுப்பு?"

மாமா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நான் உசுரோட இருக்கேன்ல?"

"இருக்கீங்க" என்றார் அவர். "எத்தனை அடுப்பு?"

"தம்பி, இந்த வாசல்ல வந்து அந்தக் கேள்விய ஒருத்தரும் கேட்டது கெடையாது."

"எல்லா வீட்லயும் கேக்கறதுதாங்க. ஆச்சி வீட்ல நாலு. கூசாம சொன்னாங்க."

மாமா பேசவில்லை. நான் பேசவில்லை. இளையவள் நிலைக்குப் பின்னால் பிள்ளையை இடுக்கிக்கொண்டு நின்றாள். அவளும் பேசவில்லை. மூன்று பேரும் பேசாமல் இருந்தோம். எங்கள் ஊர் ஆளாக இருந்தால் அதிலேயே எல்லாம் தெரிந்து எழுந்து போயிருப்பான். அவர் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். பின்னறையிலிருந்து மண்ணெண்ணெய் வாடை வந்தது. ஸ்டவ் சத்தம் உஸ்ஸென்று கேட்டது. இளையவள் பதற்றத்தில் அணைக்க மறந்திருந்தாள்.

"யாராவது சொல்லணும்" என்றார் அவர். "வெறுமனே விட்டா மேலே இருக்கறவர் திருப்பி அனுப்பிடுவார். மறுபடியும் நான் வரணும்."

மறுபடியும் வருவார். அதை நினைத்தேன்.

"ரெண்டு" என்றேன்.

கோபத்தில் சொல்லவில்லை. அலுத்துப்போய்ச் சொன்னேன்.

"ரெண்டாவது எங்கே?"

"பின்னால."

"அதுல யார் யார்?"

"கொழுந்தன். அவன் பொஞ்சாதி. பிள்ளை."

"அவர் சம்பளம்?"

"அங்குட்டுத்தான்."

"அப்போ பள்ளம் இல்லை" என்றார். வரவில் இருந்ததை ஒரு கோடு போட்டு அடித்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. என் பேர் அந்தக் கோட்டில் திரும்பி வந்தது. அது அவருக்குத் தெரியாது.

"எத்தன நாளாத்தா?" என்று மாமா என்னைக் கேட்டார்.

அந்தக் கேள்வி செலவு சாருக்கும் வேண்டியிருந்தது. மறுபடி பேனாவைத் தூக்கினார்.

"பிள்ளைக்குப் பல்லு மொளச்சதுல இருந்து."

மாமா தலையை ஆட்டினார். அவ்வளவுதான் என்று நினைத்தேன். செலவு சார் விடவில்லை.

"பெரியவரை எந்தக் குடும்பத்துல எழுத?"

நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தியிருப்பேன். ஆண்பிள்ளை கை.

"ஐயா, காலையில எங்கே சாப்பிடறீங்க?"

"இங்க" என்றார் மாமா.

"மத்தியானம்?"

"இங்க."

"ராத்திரி?"

மாமா இளையவளைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்தாள். தன் வீட்டுப் பின்னறையை அவர் ஒரு நாளும் வேறாகச் சொன்னதில்லை.

"அங்குட்டு" என்றார்.

"அப்போ பெரும்பாலும் இங்கேதான். பெரிய மகன் குடும்பத்துலயே எழுதிடறேன். குடும்பத் தலைவர் பேரை மாத்தணுமா?"

"மாத்தாதீக" என்றேன். "அவுகதான்."

"நீங்க யாரைச் சொல்றீங்களோ அவங்கதான்" என்றார். மாற்றவில்லை.

மாமா கட்டிலிலிருந்து எழுந்தார். இடுப்பிலிருந்த சாவியை எடுத்துக் கட்டில்மேல் வைத்தார். என்னிடம் நீட்டவில்லை. வேலியைப் பிடித்துக்கொண்டு கண்மாய்ப் பக்கம் நடந்தார். இளையவள் உள்ளே ஓடினாள். அழுகிற சத்தம் கேட்டது. பிள்ளையும் சேர்ந்து அழுதது.

செலவு சார் காகிதத்தைத் திருப்பினார்.

"ஐயா போயிட்டார். பரவால்ல, மீதியை நீங்களே சொல்லலாம். சோப்பு."

எனக்கு என்ன கேட்கிறார் என்றே விளங்கவில்லை.

"துணி சோப்பும்மா. போன முப்பது நாள்ல எத்தனை கட்டி?"

என் அடுப்பில் உலை பொங்கி வழிந்துகொண்டிருந்தது. எங்க வீட்டுக்காரர் கொல்லையில் கடலை களையெடுக்கப் போயிருந்தார். இன்னும் அவருக்கு எதுவும் தெரியாது. இவருக்குச் சோப்பு.

"ஒண்ணு."

"யார் வாங்கினது? நீங்களா, அவங்களா?"

"கிணத்தடியில கெடக்கும் சார். தீந்தா யாராச்சும் வாங்கிப் போடுவோம். எல்லாரும் தேச்சுக்குவோம்."

அவர் முகம் சுருங்கியது. இவ்வளவு நேரம் வராத கவலை அப்போதுதான் வந்தது.

"ரெண்டு குடும்பம்னு சொல்லிட்டீங்களே. இதை எதுல எழுத?"

நான் பேசவில்லை. அவர் காத்திருந்தார்.

உள்ளேயிருந்து இளையவள் குரல் வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்.

"பாதி பாதின்னு எழுதிக்கங்க சார்."

எழுதிக்கொண்டார். அதற்குப் பிறகு செருப்பு கேட்டார், பீடி கேட்டார், சினிமா கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். முடிந்ததும் எழுந்து வேட்டியில் மண்ணைத் தட்டிக்கொண்டார்.

"ரொம்ப ஒத்துழைச்சீங்கம்மா" என்று கும்பிட்டார். மனதாரத்தான் கும்பிட்டார். அதுதான் தாங்க முடியவில்லை. பிறகு எங்கள் ஊருக்கு அவர் வரவில்லை.

அன்று ராத்திரி இளையவள் தட்டு எடுத்துக்கொண்டு போகவில்லை. மாமாவும் கேட்கவில்லை. நான் கொண்டுபோன கூழைக் குடித்தார். நிலமும் வீடும் மாமா காலத்துக்குப் பிறகுதான் பத்திரம் எழுதிப் பிரிந்தது.

மறுநாள் துணி எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். இளையவள் சோப்பை நூல் போட்டு இரண்டாக அறுத்து, இரண்டு சிரட்டையில் வைத்திருந்தாள். எது யாருக்கு என்று சொல்ல ஆள் இல்லை. பெரிதாகத் தெரிந்ததை விட்டுவிட்டு மற்றதை எடுத்துத் துவைக்க உட்கார்ந்தேன்.